முப்பத்திரண்டு தள்ளி

ஓலு நகரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
நான்காம் மாடியில் ஒரு மேசை விளக்கு,
உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை,
பனியின் தடிமனை அளக்கும் கருவி ஒன்று
வாளித் தண்ணீருக்குள்.
வெள்ளிக்கிழமை இதைப் போத்னியா வளைகுடாவில்
ஒரு மிதவைக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.

வாளிக்குள் கருவி கூப்பிடுகிறது.
அலைக்காட்டியில் அதன் குரல் தெரிகிறது:
நொடிக்கு நான்கு, பிசகாத துடிப்பு.
கெர்னலைக் கேட்டால்
அதன் பெயருக்கு நேரே
பூஜ்யம்.

மற்ற வரிகள் ஏறிக்கொண்டே போகின்றன.
கடிகாரத்துக்கு எட்டு லட்சம்.
வலையட்டைக்குப் பதினோராயிரம்.
எதற்கும் உதவாத பொத்தானுக்குக்கூட இரண்டு;
சலிப்பில் ஒன்று, கோபத்தில் ஒன்று,
இரண்டும் என் விரல்.
கருவியைப் பற்றி நான் எண்ணியெண்ணிப் பார்க்கிறேன்,
கெர்னல் எண்ணவே இல்லை.

எண்களில் ஒரு சூது உண்டு இங்கே.
வன்பொருள் தன் கம்பிக்கு ஓர் எண் வைத்திருக்கிறது;
கெர்னல் அதை வாங்கி வைத்துக்கொண்டு
வேறோர் எண்ணைக் கையில் கொடுக்கிறது.
நாடகசாலையின் மேலங்கி அறையில்
திருமதி கெர்வினன் நீட்டுவாரே பித்தளை வில்லை,
அப்படி.
என் கதவெண் எதுவானாலும்
இன்றிரவு நான் இருபத்து மூன்று.
நாளை வந்தால் வேறு.
எந்த வில்லைக்கு எந்தக் கோட்டு என்பது
அவருடைய கொக்கிகளுக்குத்தான் தெரியும்.

வேறு வழியும் இல்லை.
ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் தன் வீட்டில்
பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது;
இந்தச் சின்னப் பலகையிலேயே மூன்று ஐந்துகள்.
ஐந்தே என்று கூப்பிட்டால்
மூன்று தலை திரும்பும்.
கெர்னலுக்கோ பூஜ்யம் ஆகாது.
அங்கே பூஜ்யம் என்றால்
அப்படி ஒருவர் இல்லை என்று பொருள்.

போன வருடப் பலகையில் இதற்கு நேர்மாறு.
ஒரு கம்பி ஓயாமல் அலறியது.
அதில் பங்கிருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி
உன்னுடையதா, உன்னுடையதா என்று கேட்டது கெர்னல்.
என்னுடையதில்லை.
என்னுடையதில்லை.
லட்சம் முறை கேட்டு
ஏறக்குறைய லட்சம் முறையும் அதே பதில் வர,
'யாரும் பொருட்படுத்தவில்லை' என்று
ஒரு வரி எழுதிவைத்துவிட்டு
அந்தக் கம்பியின் வாயை அடைத்தது.
ஹில்லேவி அதை அச்சிட்டு
காப்பி இயந்திரத்தின் மேல் ஒட்டினாள்.
இன்னும் யாரும் கிழிக்கவில்லை.

ஏழு மணிக்கு அவளே வந்தாள், பூட்ஸில் பனியோடு.
கோட்டை மாட்டிவிட்டுக் கேட்டாள்:
புத்தகத்தில் என்ன எண்?
எழுபத்தேழு.
கோப்பில்?
எழுபத்தேழு.
அவள் சிரித்த சிரிப்பில்
என் நாள் முழுவதும் கரைந்தது.

சில்லுக்காரர் புத்தகம்
முதல் முப்பத்திரண்டையும் சேர்த்து எண்ணுகிறது:
மையங்கள் தங்களுக்குள் தட்டிக்கொள்ளப் பதினாறு,
அவரவர் சொந்தக் காரியத்துக்குப் பதினாறு.
கோப்பு அவற்றைத் தள்ளிவிட்டுத் தொடங்குகிறது.
காலையிலிருந்து நான் காது வைத்திருந்தது
நூற்றொன்பதாம் கம்பியில்.
அங்கே எவரும் குடியில்லை.

எழுபத்தேழை அழித்து
நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
பலகை மறுபடி விழித்தது.
கருவிக்கு இம்முறை கிடைத்த வில்லை இருபத்தொன்பது;
இதுவுமில்லை, அதுவுமில்லை.
இருக்கட்டும்.
நான்கு. எட்டு. பன்னிரண்டு.
ஹில்லேவி குளிர்பெட்டியிலிருந்து
ஒரு பனிப்பாளத்தை வாளியில் மிதக்கவிட்டாள்.
திரையில் இரண்டு சென்டிமீட்டர் என்று வந்தது,
ஏதோ குழந்தைக்குப் பல் முளைத்ததைப்போல
இருவரும் குனிந்து பார்த்தோம்.

எங்கள் அலுவலகக் கொக்கிகளுக்கு எண் கிடையாது.
மாட்டியிருந்தவை இரண்டு கறுப்புக் கோட்டுகள்.
ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு
ஆற்றுப் பாலத்தின் நடுவரை வந்துவிட்டேன்.
பையில் ஒரு போன் அதிர்ந்தது.

என்னுடையதில்லை.